ஏஐ பங்கு எத்தனை மாதச் சம்பளம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வணிகப் பக்கத்தில் போன வாரம் வந்த கட்டுரையைப் பற்றித்தான் எழுதுகிறேன். செயற்கை நுண்ணறிவு நம் வேலையைப் பறித்துவிடும் என்று பயந்துகொண்டே இருப்பதைவிட, பறிக்கப்போகிற நிறுவனங்களின் பங்கையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சம்பளம் போனாலும் பங்கு கைகொடுக்கும், இதுதான் இன்றைய காலத்துக்கான காப்பீடு என்று எழுதியிருந்தார்கள். படித்தபோது முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கொஞ்சம் எரிச்சலும் வந்தது. ஏனென்றால் அவர்கள் சொல்லும் அந்தக் காரியத்தை நான் எட்டு வருடத்துக்கு முன்பே செய்து பார்த்தவன். லாபமும் பார்த்தேன். அதனால் இது பங்குச் சந்தையில் கையைச் சுட்டுக்கொண்டவனின் புலம்பல் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

நான் மொழிபெயர்ப்பாளன். இயந்திரங்களுக்கான கையேடுகள், மென்பொருள் உதவிப் பக்கங்கள், அந்த மாதிரி வேலை. எல்லோரும் 2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வந்ததிலிருந்துதான் ஏஐ காலம் ஆரம்பித்தது என்று பேசுகிறார்கள். எங்கள் தொழிலில் அது 2016இலேயே வந்துவிட்டது. அந்த வருடம்தான் கூகுள் தன் மொழிபெயர்ப்பு வசதியை நரம்பு வலையமைப்பு என்ற ஏஐ முறைக்கு மாற்றியது. அதற்கு முன்னால் இயந்திரம் மொழிபெயர்த்ததைப் படித்து நாங்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிச் சிரித்துக்கொண்டிருந்தோம். 2017 வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. வாடிக்கையாளர்கள் "மொழிபெயர்த்துக் கொடுங்கள்" என்பதை விட்டுவிட்டு "இயந்திரம் செய்ததைத் திருத்திக் கொடுங்கள்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். போஸ்ட் எடிட்டிங் என்று பெயர். சொல்லுக்கு இவ்வளவு என்று இருந்த கூலி படிப்படியாக இறங்கி, 2019 வாக்கில் என் வருமானம் பழையதில் பாதியாகிவிட்டது. வேலை நேரம் மட்டும் குறையவில்லை, அது வேறு கதை.

சரி, என் சோற்றைப் பிடுங்குகிறவன் யார் என்று தெரிகிறது, அவனிடமே ஒரு பங்கு வாங்கிப் போடுவோம் என்று எனக்கும் தோன்றியது. 2017இலும் அடுத்த வருடத்திலுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் பங்குகளை வாங்கினேன். மொத்தம் போட்டது என் மூன்று மாத வருமானம். அதற்கு மேல் ஒதுக்க முடியவில்லை. 2025 தொடக்கத்தில் பார்த்தால் அந்தப் பங்கு சுமார் நான்கு மடங்காகியிருந்தது. கட்டுரையாளர் இதைக் கேட்டால் "பார்த்தீர்களா!" என்பார்.

பார்ப்போம். மூன்று மாத வருமானம் நான்கு மடங்கானால் பன்னிரண்டு மாத வருமானம். 2019இலிருந்து 2024 முடிய ஆறு வருடம் நான் பாதி வருமானத்தை இழந்திருக்கிறேன், அதாவது முப்பத்தாறு மாத வருமானம். ஆக, உலகத்திலேயே நன்றாக ஏறிய பங்குகளில் ஒன்றைச் சரியான நேரத்தில் சரியான காரணத்துக்காக வாங்கி, விற்காமல் வைத்திருந்தாலும் இழப்பில் மூன்றில் ஒரு பங்குதான் திரும்பக் கிடைத்திருக்கும். "வைத்திருந்தாலும்" என்பதைக் கவனியுங்கள். நான் வைத்திருக்கவில்லை. 2022இல் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஒரே மின்னஞ்சலில் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார். கையில் இருந்த பணம் நவம்பர் வரைதான் வந்தது. அந்த வருடம் ஆல்ஃபபெட் பங்கு கிட்டத்தட்ட 39 விழுக்காடு விழுந்திருந்தது. நவம்பரில், அடிமட்டத்துக்குப் பக்கத்தில், மூன்றில் ஒரு பகுதியை விற்றேன். போட்ட பணம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. அதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் பன்னிரண்டு மாதம் என்பது பத்து மாதத்துக்கும் குறைவாகிவிடுகிறது.

என் கடிதத்தின் விஷயமே இதுதான். வேலையில் இருப்பவன் பங்கு விழுந்தால் "இருக்கட்டும், ஏறும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று உட்கார்ந்திருக்கலாம், மாதாமாதம் சம்பளம் வருகிறதல்லவா. வேலை போனவனுக்கு அந்தப் பொறுமை கட்டுப்படியாகாது. பங்கு முதலீட்டைப் பற்றிச் சொல்லப்படும் எல்லா நல்ல வார்த்தைகளும் "நீண்ட காலம் வைத்திருந்தால்" என்றுதான் தொடங்குகின்றன. நீண்ட காலம் வைத்திருக்க முடிவதற்குக் காரணமே அந்தச் சம்பளம்தான், எந்தச் சம்பளம் போய்விடும் என்று பயந்து பங்கு வாங்குகிறோமோ அதே சம்பளம். அமேசானை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 1999 டிசம்பரில் இருந்த உச்சத்திலிருந்து 2001 செப்டம்பருக்குள் அது 90 விழுக்காட்டுக்கும் மேல் விழுந்தது. அப்போது வேலையில்லாமல் இருந்த ஒருவர் அதை விற்காமல் வைத்திருந்திருப்பார் என்று யார் சொல்ல முடியும்? ஏஐக்கான சிப் செய்யும் என்விடியாகூட 2021 நவம்பரிலிருந்து 2022 அக்டோபருக்குள் பாதிக்கும் மேல் மதிப்பை இழந்தது. சாட்ஜிபிடி வந்தது அதற்கு அடுத்த மாதம்.

காப்பீடு என்ற சொல்லை ஏன் இவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியவில்லை. வீட்டுக்குத் தீக் காப்பீடு எடுத்தால் வருடத்துக்குச் சின்னத் தொகை கட்டுகிறோம், வீடு எரிந்தால் அதைத் திரும்பக் கட்டும் செலவு கிடைக்கிறது. எரிந்த பிறகு கிடைக்கிறது, எரிந்ததால் கிடைக்கிறது. ஏஐ பங்கு என் வேலை போனதால் ஏறுவதில்லை. அது வேறு ஏதோ காரணத்துக்கு ஏறும், வேறு ஏதோ காரணத்துக்கு இறங்கும். 2025 ஜனவரி 27ஆம் தேதி, டீப்சீக் என்ற சீன நிறுவனம் குறைந்த செலவில் ஓர் ஏஐ மாடலைச் செய்துவிட்டது என்ற செய்தியில் என்விடியா ஒரே நாளில் 17 விழுக்காடு விழுந்தது. கிட்டத்தட்ட 600 பில்லியன் டாலர் சந்தை மதிப்பு ஒரு நாளில் போயிற்று. அன்றைக்கு ஏஐ இன்னும் மலிவாகிறது என்பதுதான் செய்தி. ஏஐ மலிவானால் என் மாதிரி ஆட்களின் வேலை இன்னும் சீக்கிரம் போகும். அதாவது என் ஆபத்து கூடிய அதே நாளில் என் "காப்பீடு" குறைந்தது!

அளவைப் பற்றியும் ஒரு கணக்கு. ஒருவரிடம் ஆறு மாதச் சம்பளம் சேமிப்பு இருக்கிறது, இன்னும் பதினைந்து வருடம் உழைக்கும் வயது இருக்கிறது என்று வையுங்கள். வேலை போய் அல்லது தரம் இறங்கி, வருமானம் பாதியாகிறது. இழப்பு தொண்ணூறு மாதச் சம்பளம். சேமிப்பு முழுவதையும் ஏஐ பங்கில் போட்டாலும் அது பதினைந்து மடங்கு ஆக வேண்டும், அதுவும் உடனே. முழுவதையும் போடாதே, பத்தில் ஒரு பங்கு மட்டும் போடு என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள், நியாயமான அறிவுரை. அப்படியானால் நூற்றைம்பது மடங்கு. இந்த இரண்டு வரிக் கணக்கை அந்தக் கட்டுரையில் தேடிப் பார்த்தேன், இல்லை. ஏகப்பட்ட சேமிப்பு இருப்பவருக்கு இந்தக் கணக்கு சரியாக வரும், ஆனால் அவருக்கு வேலை போவதைப் பற்றி இவ்வளவு பயம் இருக்காது.

இன்னொரு விஷயம், இதுதான் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. என் கூலியிலிருந்து குறைந்த பணம் எங்கே போயிற்று? கூகுளுக்குப் போயிற்று என்றுதான் பங்கு வாங்கும்போது நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அப்படி இல்லை. கூகுள் அந்த மொழிபெயர்ப்பைப் பொதுமக்களுக்குச் சும்மாதானே கொடுக்கிறது? பணம் போனது, முன்பு எனக்குக் கூலி கொடுத்துவந்த கையேடு அச்சிடும் நிறுவனங்களுக்கு, அவர்களிடமிருந்து போட்டி காரணமாக அவர்களுடைய வாடிக்கையாளர்களுக்கு, அப்புறம் வேற்றுமொழிச் செய்தியை இலவசமாகப் படிக்கும் கோடிக்கணக்கான ஆட்களுக்கு. ஆல்ஃபபெட் பங்கு ஏறியதற்குப் பெரிய காரணம் தேடல் விளம்பரம். நான் தப்பான காரணத்துக்குச் சரியான பங்கை வாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

இது என் ஒருவன் அனுபவம் மட்டும் இல்லை. பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்ற வில்லியம் நார்ட்ஹாஸ் 2004இல் ஒரு கணக்குப் போட்டார். 1948இலிருந்து 2001 வரையிலான அமெரிக்கப் பொருளாதாரத்தை எடுத்துக்கொண்டு, புதிய தொழில்நுட்பங்களால் சமுதாயத்துக்குக் கிடைத்த மொத்த பயனில் அவற்றைக் கொண்டுவந்தவர்கள் தம் கையில் பிடித்துவைத்துக்கொண்டது எவ்வளவு என்று பார்த்தார். சுமார் 2.2 விழுக்காடு. மீதி எல்லாம் குறைந்த விலையாக, நல்ல பொருளாக, பயன்படுத்துகிறவர்களுக்குப் போய்விட்டது. நல்லதுதான், உலகம் அப்படித்தான் முன்னேறுகிறது. ஆனால் வேலை இழந்தவன் அந்த 2.2 விழுக்காட்டில் ஒரு துளியை வாங்கி வைத்துக்கொண்டு தன் முழுச் சம்பளத்தையும் மீட்டுவிடலாம் என்று நம்பினால் அது எப்படி நடக்கும்?

பிரிட்டனில் 1840களில் ரயில் கம்பெனிப் பங்கு வாங்கும் பைத்தியம் பிடித்திருந்த காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தபால் வண்டி ஓட்டும் ஒரு கோச் வண்டிக்காரர், புத்திசாலி, 1845இல் "இனிமேல் ரயில்தான்" என்று புரிந்துகொண்டு தன் சேமிப்பை எல்லாம் ரயில் பங்கில் போட்டார் என்று கற்பனை செய்வோம். அவர் கணிப்பு நூற்றுக்கு நூறு சரி. 1850 வாக்கில் அங்கே சுமார் 6,000 மைல் ரயில் பாதை வந்துவிட்டது. கோச் வண்டித் தொழில் முடிந்தது. ஆனால் ரயில் பங்குகள் அந்த ஐந்து வருடத்தில் கவிழ்ந்துபோயின, எக்கச்சக்கமான கம்பெனிகள் தொடங்கி எக்கச்சக்கமாகப் பணத்தைக் கொட்டியதால். வண்டிக்காரருக்கு வேலையும் போயிற்று, பங்கும் போயிற்று. எதிர்காலத்தைச் சரியாகக் கணித்தது அவருக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

இதே கதை 2000இல் மறுபடியும் நடந்தது. இணையம் உலகத்தை மாற்றும் என்றார்கள், மாற்றியது. அந்த இணையத்துக்கான கருவிகளை விற்ற சிஸ்கோ 2000 மார்ச்சில் கொஞ்ச நாள் உலகத்திலேயே அதிக மதிப்புள்ள நிறுவனமாக இருந்தது. அன்றைய உச்ச விலையை அது மறுபடி தாண்ட 2025 டிசம்பர் ஆகிவிட்டது. இருபத்தைந்து வருடம்! நடுவில் அந்த நிறுவனம் ஒன்றும் திவாலாகவில்லை, நன்றாகத்தான் வியாபாரம் செய்தது, லாபமும் சம்பாதித்தது. வாங்கிய விலை தப்பு, அவ்வளவுதான். இன்றைக்கு மைக்ரோசாஃப்ட், ஆல்ஃபபெட், அமேசான், மெட்டா நான்கும் சேர்ந்து 2025 ஒரே வருடத்தில் 300 பில்லியன் டாலருக்கு மேல் டேட்டா சென்டர், சிப் என்று கொட்டியிருக்கின்றன. அது திரும்ப வரலாம், வராமலும் போகலாம். வராமல் போனால் அந்த நிறுவனங்களிலும் அவற்றை நம்பியிருக்கும் ஐடி நிறுவனங்களிலும் ஆட்குறைப்பு நடக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஐடியில் இருக்கும் ஒருவருக்கு ஏஐ ஜெயித்தாலும் வேலைக்கு ஆபத்து, அளவுக்கு மீறி ஊதிய ஏஐ குமிழி உடைந்தாலும் வேலைக்கு ஆபத்து. பங்கு முதல் ஆபத்துக்குக் கொஞ்சம் உதவும், இரண்டாவதில் காலை வாரிவிடும்.

சம்பளத்தில் ஒரு பகுதியைப் பங்காகவே வாங்கும் ஐடி நண்பர்கள் என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தின் கதையையும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். அந்த நிறுவனம் 2001 டிசம்பரில் திவாலானபோது, ஊழியர்களின் ஓய்வூதியச் சேமிப்பில் பாதிக்கும் மேல் அதே என்ரானின் பங்குகளாகத்தான் இருந்தது. வேலையும் சேமிப்பும் சேர்ந்தே போயின.

எது "ஏஐ நிறுவனம்" என்பதிலேயே ஏமாற இடம் இருக்கிறது. ஆப்பென் என்று ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம். ஏஐக்குப் பயிற்சி கொடுக்கும் தரவுகளை மனிதர்களை வைத்துத் தயாரித்துக் கொடுக்கும் வேலை. எங்கள் தொழில்காரர்கள் பலர் அதில் பகுதிநேரமாக வேலை செய்திருக்கிறார்கள், சிலர் பங்கும் வாங்கினார்கள். இதைவிட நேரடியான ஏஐ பங்கு எது என்று 2020இல் தோன்றியது. அந்த வருட உச்சத்திலிருந்து அது 90 விழுக்காட்டுக்கும் மேல் விழுந்தது. 2024 ஜனவரியில் கூகுள் தன் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. மறுபக்கம், எல்லோரும் பேசும் ஓப்பன்ஏஐ, சாட்ஜிபிடியைச் செய்த நிறுவனம், 2015இல் தொடங்கிப் பத்து வருடம் ஆன பிறகும் பங்குச் சந்தைக்கு வரவில்லை. அதன் வளர்ச்சியில் பெரும்பகுதி நடந்தபோது சாதாரண ஆள் நேரடியாக வாங்கியிருக்கவே முடியாது, அதில் பணம் போட்டிருந்த மைக்ரோசாஃப்ட் வழியாக மறைமுகமாகக் கொஞ்சம் கிடைத்திருக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அந்த யோசனைக்குப் பின்னால் இருக்கும் எண்ணம் முட்டாள்தனம் என்று நான் சொல்லவில்லை. உழைப்புக்குப் போகும் பங்கு குறைந்து மூலதனத்துக்குப் போகும் பங்கு கூடினால், உழைக்கிறவனும் மூலதனத்தில் கொஞ்சம் வைத்திருக்க வேண்டும் என்பது சரியான பேச்சு. ஆனால் அதைத் தனி ஆளின் சேமிப்பை வைத்துச் செய்ய முடியாது. யாருடைய வேலை முதலில் போகிறதோ அவரிடம்தான் பங்கு வாங்கக் காசு கம்மியாக இருக்கும். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் 1976இல் எண்ணெய் வருமானத்தை வைத்து ஒரு நிதியை ஏற்படுத்தினார்கள், 1982இலிருந்து அங்கே வசிக்கும் ஒவ்வொருவருக்கும் வருடம் தவறாமல் அதிலிருந்து டிவிடெண்ட், அதாவது லாபப் பங்கு, வருகிறது, பங்கு வாங்கத் தெரிந்தவன் தெரியாதவன் என்ற பேதமில்லை. ஓப்பன்ஏஐயைத் தொடங்கியவர்களில் ஒருவரான சாம் ஆல்ட்மேனே 2021இல், பெரிய நிறுவனங்களிடம் ஆண்டுக்கு அவற்றின் சந்தை மதிப்பில் 2.5 விழுக்காட்டைப் பங்காகவே வரியாக வாங்கி வயதுவந்த எல்லாக் குடிமக்களுக்கும் பிரித்துக் கொடுக்கலாம் என்று எழுதினார். அப்புறம் அந்தப் பேச்சு எங்கே போயிற்று என்று எனக்கும் ஆச்சரியம்தான். உங்கள் வணிகப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தால் நிச்சயம் படிப்பேன்.

நான் இப்போது என்ன செய்கிறேன் என்று யாராவது கேட்டால்: மீதி இருக்கும் பங்குகளை விற்கவில்லை. அதைக் காப்பீடு என்று நினைப்பதை மட்டும் விட்டுவிட்டேன். முதலில் ஒரு வருடச் செலவுக்கான பணத்தை வங்கியில் சும்மா போட்டு வைத்தேன், அது வட்டி என்று பெரிதாக எதுவும் தராது, ஆனால் 2022இல் அது இருந்திருந்தால் நான் அடிமட்ட விலைக்கு விற்றிருக்க வேண்டாம். மாதத் தவணைக் கடன் ஒன்றையும் முடித்தேன். என்னைக் கேட்டால் வேலை போகிறவனுக்கு அதைவிடப் பெரிய லாபம் எந்தப் பங்கிலும் கிடையாது. புதிதாகப் போடுவது, சந்தைக் குறியீட்டில் உள்ள எல்லா நிறுவனங்களிலும் பணத்தைப் பிரித்துப் போடும் இண்டெக்ஸ் ஃபண்டில்தான். அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் மதிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏழு பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள்தான் என்பதால், அதில் போட்டவர்களிடம் ஏஐ ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. தனியாக ஓடிப்போய் வாங்க வேண்டிய தேவை இல்லை.

கட்டுரையாளரிடம் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த முறை எழுதும்போது தன்னிடம் உள்ள ஏஐ பங்குகள் தன்னுடைய எத்தனை மாதச் சம்பளத்துக்குச் சமம் என்ற ஓர் எண்ணை மட்டும் போடட்டும். தொகை வேண்டாம், மாதக் கணக்கு போதும். கட்டுரை எழுதும் வேலையையும் இயந்திரம் செய்ய ஆரம்பித்துவிட்டது என்பதால் அவருக்கும் அது தேவைப்படும்.

அவர் பதில் எழுதினால் நிதானமாகப் படிக்கிறேன். சாயங்காலத்துக்குள் நூற்றிருபது பக்கக் கையேடு ஒன்றைத் திருத்திக் கொடுக்க வேண்டும், இயந்திரம் காலையிலேயே தன் வேலையை முடித்துவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன், ஒரு மொழிபெயர்ப்பாளன்